நைட்டிங்கேல் கேட்ட சென்சார்

இன்னைக்கு ஒரு பழைய ஃபீச்சர் ரிக்வெஸ்ட்டோட ஆரம்பிக்கலாம்.

ரிக்வெஸ்ட் இதுதான். ஆஸ்பத்திரி அறைக்குள்ள காற்று எப்படி இருக்குன்னு சொல்ல ஒரு சின்னக் கருவி வேணும். தெர்மாமீட்டர் மாதிரி யார் வேணும்னாலும் பயன்படுத்துற அளவுக்கு எளிமையா இருக்கணும். ராத்திரி முழுக்க என்ன நடந்ததோ, அதை அதுவே பதிஞ்சு வைக்கணும். காலையில ரவுண்ட்ஸ் வர்ற மேலதிகாரி கண்ணுல அது படணும்.

ஐடியில வேலை பார்க்கிற யார்கிட்ட இதைச் சொன்னாலும், "ஓ, ஐஓடி ப்ராஜெக்டா? ஒரு சென்சார் நோடு, ஒரு டேட்டாபேஸ், ஒரு டேஷ்போர்டு, ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம்"னு சொல்வாங்க. நானும் அப்படித்தான் சொன்னேன். அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன்.

இந்த ரிக்வெஸ்ட்டை எழுதினவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். அவருடைய 'நோட்ஸ் ஆன் நர்சிங்' புத்தகத்தின் 1860 பதிப்பில், காற்றோட்டம் பற்றிய பகுதியில் இது இருக்கிறது. கையில் விளக்கோடு நிற்கிற படம்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் கிரிமியப் போரிலிருந்து திரும்பி வந்தவர், எண்களை வைத்து அரசாங்கத்தோடு சண்டை போட்ட ஆள். அவர் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. ஏன் கேட்டார் என்பதுதான் முக்கியம். அறைக்குள்ளேயே இருப்பவர்களுக்குக் கெட்ட காற்று பழகிப்போய்விடும், மூக்கு மரத்துவிடும், அதனால் நர்ஸின் உணர்வை நம்ப முடியாது என்கிறார். இந்த ஒரு வரியை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

எதை அளப்பது?

சென்சார் வேணும்னு முடிவு பண்ணியாச்சு. எதை அளக்கப் போறோம்?

நைட்டிங்கேல் மனதில் வைத்திருந்தது மான்செஸ்டரைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித்தின் சோதனை. அமில மழை என்ற பெயரைப் பிரபலமாக்கியவர் இவர்தான். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலின் ஊதா நிறம் எவ்வளவு வெளுக்கிறது என்பதை வைத்து, காற்றில் எவ்வளவு கரிமப் பொருள் கலந்திருக்கிறது என்று கணக்கிடும் முறை. அழுகலில் இருந்து வரும் கெட்ட காற்றுதான் நோய் தருகிறது என்று பெரும்பாலானோர் நம்பிய காலம் அது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்ததே 1882-ல்தான்.

அதே சமயத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் மேக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் வேறு வழியில் யோசித்தார். மனுஷன் மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். அறையில் அது கூடிக்கொண்டே போனால், வெளிக்காற்று உள்ளே வரவில்லை என்று அர்த்தம். 1858-ல் அவர் ஒரு எல்லை சொன்னார்: ஆயிரத்தில் ஒரு பங்கு. நம்ம பாஷையில 1000 பிபிஎம். இன்னைக்கும் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் மீட்டர்களில் பல, 1000-ஐத் தாண்டினால் மஞ்சளோ சிவப்போ காட்டுவதற்குப் பின்னால் இருப்பது இந்த 160 வருஷத்துப் பழைய எண்தான்.

பெட்டன்கோஃபருக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்த அளவில் கார்பன் டை ஆக்சைடு விஷம் இல்லை. அது ஒரு பிரதிநிதி. நேரடியாக அளக்க முடியாத ஒன்றுக்குப் பதிலாக, அளக்க முடிந்த ஒன்று.

இதே மனிதர் 1892-ல், காலராவுக்குக் கிருமி மட்டுமே காரணம் இல்லை என்று நிரூபிப்பதற்காகக் காலராக் கிருமி கலந்த திரவத்தைக் குடித்தார். பிழைத்துக்கொண்டார். நோய்க்கான காரணத்தில் அவர் பக்கம் தப்பு, ஆனால் அவர் சொன்ன எண் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மொட்டை மாடியில் கினிப் பன்றிகள்

கிருமிக் கொள்கை ஜெயித்ததும் காற்றின் மவுசு குறைந்தது. 1910-ல் அமெரிக்க சுகாதார அதிகாரி சார்லஸ் சேப்பின் எழுதிய புத்தகம், நோய் பெரும்பாலும் தொடுவதாலும் நெருக்கத்தாலும்தான் பரவுகிறது, காற்றுக்குப் பெரிய பங்கில்லை என்று வாதிட்டது. கையைக் கழுவு, தள்ளி நில், போதும். பல பத்தாண்டுகளுக்கு மருத்துவ உலகில் இந்தக் கருத்துதான் ஓங்கியிருந்தது.

இதை எதிர்த்து நின்றவர் வில்லியம் ஃபர்த் வெல்ஸ். டாக்டர் இல்லை, சுகாதாரப் பொறியியல் துறைக்காரர். நம்ம ஆளு! இருமும்போது வரும் பெரிய துளிகள் கீழே விழுந்துவிடும், மிகச் சின்னத் துளிகளோ விழுவதற்குள் காய்ந்து, காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கும் என்று 1934-ல் எழுதினார். நிரூபிக்க வேண்டுமே? ஒரு வார்டின் காற்றில் காசநோய்க் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று அளக்கக் கருவி இல்லை. அவ்வளவு அரிதாக இருக்கும் கிருமியைப் பிடிக்கிற சென்சார் எங்கே கிடைக்கும்?

அவரும், அவரிடம் முன்பு படித்த ரிச்சர்ட் ரைலியும் கண்டுபிடித்த பதில், கினிப் பன்றி.

1950-களின் பிற்பாதியில் பால்டிமோரில், முன்னாள் ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனையில், 6 படுக்கை கொண்ட ஒரு காசநோய் வார்டை எடுத்துக்கொண்டார்கள். அந்த வார்டிலிருந்து வெளியேறும் காற்று குழாய் வழியே கூரைக்கு மேலே இருந்த ஒரு அறைக்குப் போகும். அங்கே கூண்டுகளில் சுமார் 150 கினிப் பன்றிகள். நோயாளிகளுக்கும் அவற்றுக்கும் காற்றைத் தவிர வேறு எந்தத் தொடர்பும் கிடையாது. இரண்டு வருஷத்தில் 71 கினிப் பன்றிகளுக்குத் தொற்று. மாதத்துக்கு மூன்று என்ற கணக்கு. அடுத்து, இரண்டு அறைகள் வைத்து, ஒன்றுக்குப் போகும் காற்றை மட்டும் புற ஊதாக் கதிர் வழியே அனுப்பினார்கள். அந்தப் பக்கம் ஒன்றுக்குக்கூடத் தொற்று இல்லை.

இன்னொன்றும் தெரிய வந்தது. எல்லா நோயாளிகளும் ஒரே மாதிரி பரப்பவில்லை. பெரும்பாலான தொற்றுக்குக் காரணம் ஒரு சிலர்தான். மருந்து வேலை செய்துகொண்டிருந்தவர்களிடமிருந்து பரவியது மிகக் குறைவு.

இந்த இடத்தில் கதை நம்ம ஊருக்கு வருது. அதே 1956-ல், சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஆரம்பமானது. இன்றைக்கு அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே நடந்த ஆய்வில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. மறு பாதிக்கு நெரிசலான அவரவர் வீட்டிலேயே சிகிச்சை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே மருந்து. 1959-ல் வெளியான முடிவு உலகையே புரட்டிப் போட்டது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். குடும்பத்தினருக்குத் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை.

பால்டிமோர் சொல்வது காற்று நோயைப் பரப்பும் என்று. சென்னை சொல்வது நல்ல காற்று மட்டுமே நோயைக் குணப்படுத்தாது, மருந்துதான் முக்கியம் என்று. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. அறையில் யார் இருக்கிறார், அவர் மருந்து சாப்பிடுகிறாரா என்பதை எந்தக் காற்று மீட்டரும் சொல்லாது. நான் இழுக்கிற மூச்சில் எவ்வளவு பங்கு இன்னொருவர் விட்ட மூச்சு, அதை மட்டும்தான் கார்பன் டை ஆக்சைடு சொல்லும். கணக்குப் போட்டுப் பாருங்க. வெளிக்காற்று சுமார் 420 பிபிஎம். நாம் வெளியே விடுவது சுமார் 40,000. அறையில் 1000 இருந்தால், நீங்கள் இழுக்கும் நூறு மூச்சில் ஒன்றரை மூச்சு ஏற்கெனவே யாரோ விட்டது. 2003-ல் ரட்னிக், மில்டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதையும், ரைலி 1978-ல் தட்டம்மைப் பரவலை வைத்துக் கொடுத்த சமன்பாட்டையும் சேர்த்து, கார்பன் டை ஆக்சைடு அளவிலிருந்து காற்று வழித் தொற்று அபாயத்தை மதிப்பிடும் முறையைக் கொடுத்தார்கள். பெட்டன்கோஃபர் ஏதோ ஒன்றின் பிரதிநிதி என்று சொன்னாரே, எதன் பிரதிநிதி என்று புரிய 145 வருஷம் ஆனது.

கம்பி இல்லாமல்

சரி, எதை அளக்கணும்னு தெரிஞ்சாச்சு. வார்டிலிருந்து அந்த எண்ணை எப்படி வெளியே கொண்டுவருவது?

ஓடிக்கொண்டிருக்கிற ஆஸ்பத்திரியில் சுவரை உடைத்து வயர் இழுப்பது எவ்வளவு கஷ்டம் என்று கட்டட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். தூசி, சத்தம், நோயாளிகளை வேறு அறைக்கு மாற்றணும். அதனால் ரேடியோ. ரேடியோவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பழைய உறவு இருக்கிறது. 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் நார்மன் ஹோல்ட்டர், நடமாடும் மனிதனின் இதயத் துடிப்பை ரேடியோவில் அனுப்பிக் காட்டினார். முதுகில் சுமந்த பெட்டியின் எடை சுமார் 38 கிலோ. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, பெட்டி சட்டைப் பைக்குள் போனது, பல ஆஸ்பத்திரிகளில் வயர்லெஸ் இதய மானிட்டர்கள் வந்துவிட்டன.

அப்புறம் 1998 பிப்ரவரி. டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் ஒரு டிவி நிலையம், புதிய டிஜிட்டல் ஒளிபரப்பைச் சோதித்துப் பார்த்தது. அதே நேரத்தில் அந்த ஊர் பேய்லர் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் வயர்லெஸ் இதய மானிட்டர்கள் தடுமாறின. காரணம், அந்த மானிட்டர்கள் காலியாகக் கிடந்த டிவி சேனல்களின் அலைவரிசையை ஓசியில் பயன்படுத்திக்கொண்டிருந்தன. சட்டப்படி டிவிக்குத்தான் முன்னுரிமை. நல்லவேளை, யாருக்கும் ஆபத்தில்லை.

இதற்குப் பிறகு 2000-ல் அமெரிக்க அரசு, மருத்துவ டெலிமெட்ரிக்கென்றே தனி அலைவரிசைகளை ஒதுக்கியது. அதில் ஒன்று 608 முதல் 614 மெகாஹெர்ட்ஸ், அதாவது டிவி சேனல் 37. அந்தச் சேனல் ஏன் காலியா இருந்ததுன்னா, விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்பதற்காக 1963-லிருந்தே டிவிக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். நட்சத்திரங்களுக்காக ஒதுக்கின அமைதியில் இதயத் துடிப்புக்கும் கொஞ்சம் இடம் கிடைத்தது.

அறைக் காற்றின் சென்சாருக்கு அவ்வளவு மரியாதை தேவையில்லை. ஒரு நிமிஷம் தகவல் வராமல் போனாலும் யாரும் சாகப்போவதில்லை. அதனால் அது வேறு பாதையில் வந்தது. 1990-களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கிறிஸ் பிஸ்டர், தூசி அளவுக்குச் சின்ன சென்சார்களைக் கனவு கண்டு அதற்கு ஸ்மார்ட் டஸ்ட் என்று பெயர் வைத்தார். அந்தக் குடும்பத்துக் கருவிகளை 2002-ல் மெய்ன் மாநிலத்தின் கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் வளைகளுக்குள் வைத்தார்கள், வெப்பமும் ஈரப்பதமும் அளக்க. தொந்தரவு செய்யாமல் ஒரு சின்ன அறையைக் கண்காணிப்பது என்ற பிரச்னையில், நோயாளிக்கும் குஞ்சுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2003-ல் குறைந்த மின்சாரத்தில் பேசும் ரேடியோவுக்கான 802.15.4 தரநிலை வந்தது. அதன் மேல்தான் ஜிக்பீ ஓடுகிறது. பிறகு சில நூறு ரூபாய்க்கு வைஃபை சிப்புகள். கார்பன் டை ஆக்சைடு மாட்யூலும் மலிவானது. அகச்சிவப்பு ஒளியை ஒரு சின்னக் குழாய் வழியே அனுப்பி, 4.26 மைக்ரான் அலைநீளத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை.

ஆக, நைட்டிங்கேலின் ரிக்வெஸ்ட்டை க்ளோஸ் பண்ணிடலாம். அப்படித்தானே?

என் டேஷ்போர்டு பச்சையானது எப்படி

ரெண்டு வருஷம் முன்னாடி, தெரிந்தவர் மூலமா ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு இந்த மாதிரி சிஸ்டம் செஞ்சு கொடுத்தேன். பேர் வேண்டாம். எட்டு அறைகள், வெப்பம், ஈரப்பதம், கார்பன் டை ஆக்சைடு. ஒவ்வொரு பெட்டியும் நிமிஷத்துக்கு ஒரு தடவை தகவல் அனுப்பும். 1000-க்குக் கீழே பச்சை, மேலே மஞ்சள், 1500-க்கு மேலே சிவப்பு.

முதல் வாரமே பொது வார்டு ராத்திரியில் 1300 காட்டியது. நிர்வாகம் உடனே எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க விலை கேட்டது. எனக்குப் பெருமை தாங்கல. அடுத்த சில வாரங்களில் எண் மெல்ல மெல்ல இறங்கியது. 1200, 1100, கடைசியில் 900. பச்சை. எண்ணைப் பார்த்து ஜன்னலைத் திறந்து வைக்கப் பழகிட்டாங்கன்னு நினைச்சேன். நிர்வாகமும் அப்படியே நினைத்து ஃபேன் வேலையை ஒத்திப்போட்டது.

பேட்டரி மாற்ற ஒரு நாள் சாயங்காலம் போயிருந்தப்போ, நைட் டியூட்டி சிஸ்டர்கிட்ட, "ஜன்னல் எல்லாம் இப்ப திறந்தே வெக்கிறீங்க போல, சூப்பர் சிஸ்டர்" என்றேன்.

அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. "ஜன்னலா? கொசு வரும்னு ஆறு மணிக்கே சாத்திடுவோம் தம்பி. என்னைக்கும் அப்படித்தான்."

எதுவுமே மாறவில்லை. எண் மட்டும் மாறியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து மாட்யூலின் டேட்டாஷீட்டை மறுபடி படித்தேன். இந்த வகை சென்சார்களின் அளவீடு நாளாக ஆக விலகிப்போகும். அதைத் தானே சரிசெய்துகொள்ள ஒரு வசதி உண்டு. சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவை எடுத்து, 'இதுதான் வெளிக்காற்று, 400' என்று வைத்துக்கொள்ளும். ஆபீஸுக்கு அது சரி. ராத்திரி எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அறை வெளிக்காற்று அளவுக்கு இறங்கும். ஆனால் வார்டு எப்போது காலியாகும்? அந்த அறையின் மிக நல்ல நேரத்திலேயே 800 இருந்திருக்கிறது. சென்சார் அந்த 800-ஐ 400 என்று நம்பியது. அதனால் ராத்திரி 1300 இருந்தது 900 ஆனது.

சரிபார்க்க, இன்னொரு பெட்டியை மொட்டை மாடியில் ஒரு ராத்திரி வைத்து, தானாகச் சரிசெய்யும் வசதியை அணைத்து, வார்டில் பழையதற்குப் பக்கத்தில் வைத்தேன். பழையது 880. புதுசு 1280.

நைட்டிங்கேல் சொன்ன அந்த வரி ஞாபகம் இருக்கா? அறைக்குள்ளேயே இருப்பவர்களுக்குக் கெட்ட காற்று பழகிப்போகும் என்பதால்தான் அவர் கருவி கேட்டார். நான் வைத்த கருவிக்கும் அதே மாதிரி பழகிவிட்டது. மனுஷ மூக்குக்கு வந்த அதே வியாதி. இதில் மூக்கைவிடக் கருவி மோசம். அதன் பேச்சைக் கேட்டு ஒரு ஃபேன் நின்றுபோனது. அத்தனை வாரமும் அந்த சிஸ்டர் அந்தக் காற்றில்தான் டியூட்டி பார்த்தாங்க.

நிர்வாகத்திடம் போய் உண்மையைச் சொன்னேன். சங்கடமான அரை மணி நேரம். எட்டுப் பெட்டியிலும் அந்த வசதியை அணைத்தேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பெட்டிகளை மாடிக்குக் கொண்டுபோய் வெளிக்காற்றில் சரிசெய்ய ஒரு நோட்டு போட்டோம். ஆமா, பேப்பர் நோட்டுதான். எக்ஸாஸ்ட் ஃபேன் வந்தது. இரண்டு ஜன்னலுக்குக் கொசு வலை அடித்தார்கள்.

இன்னொரு மாற்றமும் செய்தேன். அதுவரைக்கும் டேஷ்போர்டு என் லேப்டாப்பிலும் மேனேஜர் ரூமிலும்தான் இருந்தது. ராத்திரி வார்டில் இருக்கிற ஒரே ஆளுக்கு, ஜன்னல் மூடியிருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆளுக்கு, அந்த எண் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் வாரத்திலேயே "இது தப்பு தம்பி" என்று சொல்லியிருப்பாங்க. 1860-லேயே நர்ஸ், நோயாளி, மேலதிகாரி மூன்று பேருக்கும் தெரியணும் என்றுதான் நைட்டிங்கேல் எழுதியிருந்தார். நான் மூன்றில் ஒருவருக்கு மட்டும் காட்டியிருக்கிறேன். இப்போது நர்சிங் ஸ்டேஷன் மேஜையில் ஒரு சின்ன டிஸ்ப்ளே இருக்கிறது.

போன மாசம் அந்த சிஸ்டர்கிட்டேருந்து ஒரு வாட்ஸ்அப். டிஸ்ப்ளேவைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்க. ராத்திரி ரெண்டு மணி, 640. கீழே ஒரு வரி: "ஃபேன் ஓடுது, ஜன்னலும் திறந்திருக்கு. இது நிஜம்தானே தம்பி?"

அடுத்த தடவை போனப்போ, மாடியில் சரிசெய்த பெட்டி ஒன்றைக் கையோடு எடுத்துட்டுப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிஜம்தான்.